மோதிரத்துக்கு மறையாதவர்: டாம் பாம்படிலை எந்த வழியில் வாசிப்பது?

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒருவர் ஒரு தங்க மோதிரத்தைக் கையில் வாங்குகிறார். அதைக் கண்ணோடு ஒட்டிவைத்து, வளையத்தின் வழியே பார்த்துச் சிரிக்கிறார். பிறகு சுண்டுவிரல் நுனியில் மாட்டிக்கொண்டு விளக்கை நோக்கி உயர்த்துகிறார். போட்டுக்கொண்டவர் மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட வேண்டும். அதுதான் அந்த மோதிரத்தின் இயல்பு. அவரோ அப்படியே உட்கார்ந்திருக்கிறார். அடுத்த நொடி மோதிரத்தை அந்தரத்தில் சுழற்றிவிடுகிறார், மோதிரம் மறைந்துவிடுகிறது. அதைச் சுமந்து வந்தவன் ஃப்ரோடோ, ஹாபிட் என்னும் குள்ளமான இனத்தவன். பதறிக் கத்திய அவனிடம் புன்னகையோடு அதைத் திருப்பிக் கொடுக்கிறார்.

ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதல் பாகம் 1954இல் வெளிவந்தது. நீல மேலங்கியும் மஞ்சள் பூட்ஸும் போட்டுக்கொண்டு, வாய் ஓயாமல் பாடிக்கொண்டு திரியும் இந்த டாம் பாம்படில் யார் என்ற கேள்வியை வாசகர்கள் அன்று தொடங்கி இன்றுவரை விடவில்லை. மாயப் புனைவில் புதிரான பாத்திரங்கள் ஏராளம். ஆனாலும் இவரளவுக்கு வாசகரை அலைக்கழித்தவர் குறைவு. கதையில் இவர் வருவது ஏறக்குறைய மூன்று அத்தியாயங்கள்தான்.

இவர் யார் என்று தேடப் புறப்படும் முன்னால் வேறொரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. எந்த வழியில் தேடுவது? அந்த முடிவை யோசிக்காமல் எடுத்து ஒரு மாலைப் பொழுதை நானே பாழாக்கியிருக்கிறேன். வாசகர் வட்டம் ஒன்றில் இந்த அத்தியாயங்களைப் பற்றிப் பேச்சைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு எனக்கு. “இவர் எந்த இனத்தைச் சேர்ந்தவர்?” என்று கேட்டு ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரம் வாதம் அனல் பறந்தது. வம்சாவளிகளும் பட்டியல்களும் வந்து விழுந்தன. கலைந்து போகும்போதுதான் கவனித்தேன்: ஒருவர்கூட புத்தகத்தைத் திறக்கவில்லை. கேள்வியே தவறாக இருந்திருக்கிறது. அதன்பின் ஒவ்வொரு வழியையும் தனித்தனியே முயன்று பார்த்தேன். எது எங்கே உதவுகிறது, எது எங்கே கைவிடுகிறது என்பதை இங்கே ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

இனம் காணும் வழி

முதலில் எல்லோரும் போவது இந்த வழியில்தான். டோல்கீன் தன் உலகத்துக்கு ஒரு முழுமையான படைப்புக் கதை எழுதி வைத்திருக்கிறார். அது அவர் மறைவுக்குப் பின் 1977இல் ‘தி சில்மரில்லியன்’ என்ற நூலாக வந்தது. அதன்படி எல்லாவற்றுக்கும் மேலே ஏரு என்னும் ஒரே படைப்போன். அவனுக்குக் கீழே உலகை ஆளும் வாலார்கள். அவர்களுக்குக் கீழே மையார்கள். பிறகு எல்ஃப்கள், குள்ளர்கள், மனிதர்கள், ஹாபிட்கள். இத்தனை கட்டங்கள் இருக்கும்போது பாம்படிலுக்கு ஒரு கட்டம் இல்லாமலா போய்விடும் என்று மனம் துடிக்கிறது. அந்தத் துடிப்பு நியாயமானது.

மையார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஃப்ரோடோவுக்கு வழிகாட்டும் மந்திரவாதி கண்டால்ஃபும் மையார்தான்; துரோகியாக மாறிய மந்திரவாதி சாருமானும் மையார்; மோதிரத்தைச் செய்த தீய தலைவன் சௌரானே மையார்தான். ஃப்ரோடோ மோதிரத்தை நீட்டி ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்றபோது கண்டால்ஃப் அஞ்சி மறுத்தார். சாருமானோ அதன் மீதான ஆசையிலேயே அழிந்தான். ஆக, மையார் என்பதால் மோதிரம் பாம்படிலை ஒன்றும் செய்யவில்லை என்ற விளக்கம் நிற்காது.

இன்னும் ஒரு படி மேலே போய், அவர் ஔலே என்னும் வாலார் என்பார்கள் சிலர். சொல்லப்போனால் இது அழகான வாதம். ஔலே உலோகத்துக்கும் கைவினைக்கும் உரியவர். சௌரான், சாருமான் இருவருமே ஆதியில் அவரைச் சார்ந்தவர்கள். சீடன் செய்த மோதிரம் குருவை என்ன செய்துவிடும்? பாம்படிலின் மனைவி கோல்ட்பெரியை ஔலேயின் துணைவி யவன்னாவாக எடுத்துக்கொண்டால் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்த வாதத்தை முதன்முதலில் படித்தபோது நானும் மயங்கினேன். ஆனால் கோல்ட்பெரி ஆற்றுப் பெண்ணின் மகள் என்று கதை திரும்பத் திரும்பச் சொல்கிறது. யவன்னா யாருக்கும் மகள் இல்லை. அதோடு, மற்றவை எல்லாம் சௌரானிடம் வீழ்ந்தபின் பாம்படிலும் வீழ்வார், முதலில் இருந்தவர் கடைசியில் போவார் என்று, மோதிரத்தை என்ன செய்வது என முடிவெடுக்க எல்ஃப்களின் தலைவர் எல்ரண்ட் கூட்டிய சபையில் க்ளோர்ஃபின்டெல் என்ற எல்ஃப் சொல்கிறார். ஒரு மையாரிடம் ஒரு வாலார் தோற்றுப்போவார் என்று அவ்வளவு சாதாரணமாகவா சொல்வார்கள்?

படைப்போனே அவர்தான் என்ற கருத்துக்கும் இதே வாக்கியம்தான் தடை. கடவுள் சௌரானிடம் தோற்க முடியாது. 1954இலேயே ஒரு வாசகர் இந்தச் சந்தேகத்தைக் கடிதமாக எழுதிக் கேட்டுவிட்டார். அதற்கு எழுதத் தொடங்கி அனுப்பாமல் விட்ட வரைவில் டோல்கீன் அதை மறுக்கிறார். பாம்படிலைத் தத்துவத்துக்குள் இழுப்பதால் அவர் மேம்படப் போவதில்லை என்றும் எழுதுகிறார்.

ஆக எந்தக் கட்டத்தில் போட்டாலும் ஒரு வாக்கியம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. ‘மூத்தவன் நான்’ என்கிறார் பாம்படில். முதல் மழைத்துளியும் முதல் ஓக் விதையும் தன் நினைவில் இருப்பதாகச் சொல்கிறார். அதே நாவலில் பின்னால் கண்டால்ஃப், இன்றும் உலகில் நடமாடும் உயிர்களில் மிகப் பழையவர் மரம்போன்ற உருவம் கொண்ட ட்ரீபியர்ட் என்கிறார். இருவரில் யார் மூத்தவர்? இருளின் தலைவன் வெளியிலிருந்து வருவதற்கு முன்பே இருந்தேன் என்கிறாரே பாம்படில், அந்தத் தலைவன் சௌரானா, அவனுக்கும் முந்தைய மெல்கோரா? மெல்கோர் என்றால் அவன் முதலில் உலகுக்குள் வந்த காலமா, துரத்தப்பட்டு மறுபடி நுழைந்த காலமா?

இந்த வழியை நான் பழிக்கவில்லை. இதில் நடந்துதான் அந்த உலகத்தின் சட்டதிட்டங்களை நான் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு கட்டமாகப் போட்டுப் பார்த்துத் தோற்பதே பெரிய பாடம். பெயர் கிடைத்த திருப்தியில் பார்வை நின்றுபோவதுதான் ஆபத்து. ‘ஓ, அவர் இன்னார்’ என்று முடிவானதும் மெழுகுவர்த்தியும் சுண்டுவிரலும் நீலக் கண்ணும் மறந்துபோகின்றன.

எந்தப் புதிருக்கு விடை உண்டு?

இதே வழி வேறு சில பாத்திரங்களுக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. சி.எஸ். லூயிஸின் நார்னியா கதைகளில் வரும் அஸ்லான் என்ற சிங்கம், 1952இல் வந்த நூலின் முடிவில், உங்கள் உலகத்தில் எனக்கு வேறொரு பெயர் உண்டு என்று குழந்தைகளிடம் சொல்கிறது. அங்கே விடை இருக்கிறது. அதைத் தேடச் சொல்லி ஆசிரியரே அழைக்கிறார். உர்சுலா லெ குயின் 1968இல் எழுதிய ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’யில் கெட் என்ற நாயகனைத் துரத்தும் நிழல் யார் என்பதும் அப்படித்தான். அதன் பெயரைக் கண்டுகொள்வதே கதையின் உச்சம். அந்த நிழலை விடையில்லாப் புதிராக விட்டுவிட்டால் நாவலையே படிக்காத மாதிரி. கண்டால்ஃப் விஷயமும் கிட்டத்தட்ட இதுவே. அவர் எங்கிருந்து வந்தவர் என்பது கதைக்குள் மறைந்திருந்தாலும், மாண்டு மீள்வது உட்படத் தடயங்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. 1980இல் வந்த ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ தொகுப்பு அதற்கு நேரடியாகவே பதில் தந்துவிட்டது.

அப்படியென்றால் இது திறக்கும் பூட்டா, திறக்க வேண்டாம் என்று வைத்த பூட்டா என்பதை எப்படி அறிவது? எனக்குக் கைகொடுத்த சோதனை ஒன்று உண்டு. கதைக்குள் இருப்பவர்களில் யாருக்கு விடை தெரியும் என்று பாருங்கள். கண்டால்ஃப் யார் என்பது கண்டால்ஃபுக்குத் தெரியும், எல்ரண்டுக்குத் தெரியும். ஹாபிட்களுக்கு மட்டும் தெரியாது. அறிவு கதைக்குள் எங்கோ இருக்கிறது, நம்மிடமிருந்து தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அஸ்லானுக்குத் தான் யார் என்பது தெரியும். நிழலின் பெயர் நிழலிடம் இருக்கிறது.

பாம்படில் விஷயத்தில் நடப்பது வேறு. ஆயிரக்கணக்கான ஆண்டு நினைவு கொண்ட எல்ரண்டே, பழையவர்களுக்கும் பழையவராக அன்று காடுகளில் திரிந்தவர்தானா இவர் என்று ஐயத்தோடு பேசுகிறார். எல்ஃப்கள் வைத்த பெயர் இயார்வைன் பென்-அதார். தந்தையில்லாத முதியவர் என்று பொருள். குள்ளர்கள் ஃபார்ன் என்கிறார்கள், வடக்கு மனிதர்கள் ஓரால்ட் என்கிறார்கள். பெயர்கள் பெருகப் பெருக ஆள் விலகிப்போகிறார். அந்த உலகத்தின் மாபெரும் அறிவாளிகள் ஒரே அறையில் கூடியிருக்கும் சபையிலேயே பதில் இல்லை என்றால், இடைவெளி தற்செயலாக விழுந்ததல்ல என்று நம்பலாம். 1954 ஏப்ரலில் நயோமி மிட்சிசன் என்ற எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீனும் இதையே சொல்கிறார்: புராண காலத்திலும் சில புதிர்கள் இருக்கத்தான் வேண்டும், பாம்படில் அவற்றில் ஒன்று, வேண்டுமென்றே வைத்தது.

குறியீடாகப் பார்க்கும் வழி

அவர் யார் என்பதை விட்டு, எதைக் குறிக்கிறார் என்று கேட்பது இரண்டாவது வழி. இதற்கு ஆசிரியரின் ஆதரவு தாராளமாகக் கிடைக்கிறது. 1937 டிசம்பரில் பதிப்பாளருக்கு எழுதும்போது, மறைந்துகொண்டிருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு, பெர்க்‌ஷையர் நாட்டுப்புறத்தின் ஆவி என்று பாம்படிலைக் குறிப்பிடுகிறார். மிட்சிசனுக்கு எழுதிய கடிதத்தில், ஆளும் ஆசையையே துறந்து, பொருள்களை அவற்றுக்காகவே ரசிப்பவனுக்கு அதிகாரத்தின் நன்மை தீமை பற்றிய கேள்வியே அர்த்தமற்றுப்போகும் என்கிறார். நான் முன்பு சொன்ன அனுப்பாத கடிதத்தில் இன்னொரு விளக்கம் இருக்கிறது: பயன் கருதாமல் பிறவற்றை அறிய விரும்பும் தூய அறிவியலின் உருவம் இவர். தாவரவியலும் விலங்கியலும் போல. விவசாயமும் கால்நடை வளர்ப்பும் போலல்ல.

இந்த மூன்றாவது விளக்கம் எனக்கு நெருக்கமானது. ஆனாலும் குறியீட்டு வழியில் ஒரு வழுக்கல் இருக்கிறது. ‘பாம்படில் என்றால் இயற்கை’ என்று சட்டென்று முடித்துவிடுகிறோம். கதையைப் பாருங்கள். ஹாபிட்களை அடிமரப் பிளவுக்குள் இழுத்து நசுக்கப் பார்த்த கிழட்டு வில்லோ மரமும் இயற்கைதான். அந்தக் காடே வெறுப்பு நிறைந்த காடு. பாம்படில் அந்த மரத்தைப் பாடி அடக்குகிறார், வெட்டவில்லை. இந்த நிலமெல்லாம் அவருக்குச் சொந்தமா என்று ஃப்ரோடோ கேட்கும்போது, அப்படியிருந்தால் அது பெரும் சுமையல்லவா, இங்கே வளர்பவை எல்லாம் தத்தமக்கே உரியவை என்கிறாள் கோல்ட்பெரி. காட்டின் தலைவர், ஆனால் உடைமையாளர் இல்லை. ‘இயற்கை’ என்ற ஒற்றைச் சொல் இந்த நுணுக்கத்தை விழுங்கிவிடுகிறது.

தவிர, உருவகக் கதைகள் தனக்குப் பிடிக்காது என்று நாவலின் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கீன் அழுத்தமாகவே எழுதியிருக்கிறார். ‘இது அதைக் குறிக்கிறது’ என்று ஒன்றுக்கு ஒன்று முடிச்சுப் போடுவதைவிட, நம் அகப்பாடல்களின் உள்ளுறையைப் படிப்பதுபோலப் படிக்கலாம். தாமரையை மேய்ந்து விலகும் எருமை எருமையாகவும் இருக்கும், தலைவனையும் காட்டும். ஒன்று வந்ததும் மற்றது போய்விடுவதில்லை.

பிறந்த கதையைத் தேடும் வழி

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். டாம் பாம்படில் என்பது டோல்கீன் வீட்டுக் குழந்தைகளின் மரப்பொம்மைக்கு இருந்த பெயர். தொப்பியில் இறகு செருகிய பொம்மை. 1934இல் ‘ஆக்ஸ்ஃபோர்டு மேகஸின்’ இதழில் அவரைப் பற்றிய பாடல் வந்தது. கோல்ட்பெரி, வில்லோ மரம், புதைமேட்டுப் பேய் எல்லாரும் அந்தப் பாடலிலேயே இருக்கிறார்கள். மோதிரக் கதை அப்போது பிறக்கவே இல்லை. டோல்கீனின் முந்தைய நூலான ‘தி ஹாபிட்’ வெற்றிபெற்று, அடுத்து என்ன எழுதலாம் என்று யோசித்தபோது, இவரை நாயகனாக்கலாமா என்று பதிப்பாளரிடம் கேட்ட கடிதம்தான் மேலே சொன்ன 1937 கடிதம்.

ஆக, இவர் அந்த உலகத்துக்குள் வெளியிலிருந்து நடந்து வந்தவர். எந்தக் கட்டத்திலும் பொருந்தாததன் காரணம் இதில் பாதி விளங்கிவிடுகிறது. இனம் காணும் வழியின் வேகத்துக்கு இது நல்ல கடிவாளம். ஆனால் இங்கேயே நின்றுவிடுபவர்கள், ‘பழைய பொம்மையை எடுத்து ஒட்டவைத்திருக்கிறார், அவ்வளவுதான்’ என்று அலட்சியமாகச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. எங்கிருந்து வந்தார் என்பது, ஏன் நீக்கப்படாமல் நின்றார் என்பதற்குப் பதிலாகாது. பல ஆண்டுகள் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதிய மனிதருக்கு, பொருந்தாத ஒருவரை வெளியே அனுப்பத் தெரியாதா?

கதையில் என்ன செய்கிறார் என்று பார்க்கும் வழி

என் தேர்வு இதுதான். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும்.

மோதிரம் கைமாறும் இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஃப்ரோடோவின் வீட்டில் கண்டால்ஃப் மோதிரத்தைக் கேட்கிறார். ஃப்ரோடோ மெதுவாக எடுத்து நீட்டும்போது அது திடீரெனக் கனக்கிறது. கொடுக்க மனமில்லாதது மோதிரத்துக்கா ஃப்ரோடோவுக்கா என்று சொல்ல முடியாதபடி ஒரு தயக்கம். பாம்படிலின் வீட்டில், காட்டு பார்க்கலாம் என்று அவர் கேட்டதும் ஃப்ரோடோ தனக்கே வியப்பாக, சட்டென்று எடுத்துக் கொடுத்துவிடுகிறான். கனமும் இல்லை, தயக்கமும் இல்லை.

பிறகு நடக்கும் தலைகீழ் மாற்றத்தைக் கவனியுங்கள். ஆளை மறைப்பது மோதிரத்தின் வேலை. இங்கே ஆள் மோதிரத்தை மறைக்கிறார், அதுவும் செப்படி வித்தைக்காரன் போல விளையாட்டாக. அதைத் திரும்ப வாங்கிய ஃப்ரோடோ, இது அதே மோதிரம்தானா என்று சந்தேகத்தோடு உற்றுப் பார்க்கிறான். கண்டால்ஃபே இவ்வளவு அபாயமாகக் கருதும் ஒன்றை இந்த மனிதர் இப்படி லேசாக எடுத்துக்கொள்கிறாரே என்று லேசான எரிச்சலும் வருகிறது அவனுக்கு. சோதித்துப் பார்க்கத் தானே அணிகிறான். நண்பர்கள் கண்ணுக்கு மறைந்துவிடுகிறான், மகிழ்ச்சி தாங்கவில்லை. சத்தமில்லாமல் கதவை நோக்கி நகர்கிறான். பாம்படில் நேராக அவனைப் பார்த்து, எங்கே புறப்பட்டாய், கழற்று அதை, அது இல்லாத கைதான் அழகு என்கிறார்.

மோதிரம் எவ்வளவு பயங்கரமானது என்று அதுவரை நமக்குச் சொல்லப்பட்டுவிட்டது. அது ஃப்ரோடோவுக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதை, ஒரு பயமுறுத்தலும் இல்லாமல், அந்தச் சின்ன எரிச்சலிலும் அந்தச் சின்ன மகிழ்ச்சியிலும் காண்கிறோம். மோதிரத்தை ஒரு பொருட்டாகவே நினைக்காத ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அது கண்ணில் படும். பாம்படில் இங்கே ஓர் அளவுகோல். அளவுகோலின் பிறப்பிடத்தை விளக்கினால் அளவு இன்னும் துல்லியமாகிவிடாது. மாறாக, ‘இன்ன இனம் என்பதால் தப்பித்தார்’ என்று விளக்கம் சொன்னால், அந்த அலட்சியம் அவருடைய குணமாக இல்லாமல் வெறும் தடுப்பாற்றலாகச் சுருங்கிவிடும்.

சபையில் கண்டால்ஃப் சொல்வதும் இதை ஒட்டித்தான். மோதிரத்தின் மேல் அவருக்கு அதிகாரம் என்று சொல்லாதீர்கள், அவர் மேல் மோதிரத்துக்கு அதிகாரமில்லை என்று சொல்லுங்கள் என்று திருத்துகிறார். அவரிடம் கொடுத்துவைத்தால் மறந்துவிடுவார், அல்லது எங்காவது எறிந்துவிடுவார் என்கிறார். ஆசையில்லாதவர் காவலராக முடியாது. இந்தக் கசப்பான உண்மையைச் சபை ஏற்றுக்கொண்ட பிறகுதான் சுமை ஃப்ரோடோவின் தோளுக்கு வருகிறது.

கதை ஓட்டத்திலும் அவர் பங்கு உண்டு. புதைமேட்டுப் பேயிடம் சிக்கிய ஹாபிட்களை மீட்டபின், அங்கே கிடந்த பழைய ஆயுதங்களில் ஆளுக்கொரு குத்துவாளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார். சௌரானின் அடியாளான அங்மார் அரசனோடு போரிடப் பழைய காலத்தில் செய்த வாள்கள் அவை. ஹாபிட்களில் ஒருவனான மெர்ரியின் கையிலிருந்த வாள், நெடுந்தூரம் கடந்து போர்க்களத்தில் அதே அங்மார் அரசனின் காலில் பாய்கிறது. வேறு எந்த வாளும் அவனுக்கு இவ்வளவு கொடிய காயத்தைத் தந்திருக்காது என்று நாவல் நின்று சொல்கிறது. 2001இல் வந்த திரைப்படத்தில் பாம்படில் நீக்கப்பட்டார். கதை தடையின்றி ஓடியது என்பது உண்மை. ஆனால் அந்த வாளின் பூர்வீகம் போய்விட்டது. மோதிரத்தைப் பார்த்துச் சிரிக்க ஒருவரும் மிஞ்சவில்லை.

புதிராகவே விட்டுவிடும் வழி

ஆசிரியரே புதிர் என்று சொன்ன பிறகு வேறென்ன வேண்டும் என்று கேட்கலாம். இது சரியான முடிவாகவும் இருக்கலாம், சோம்பலாகவும் இருக்கலாம். எது என்பது, அந்த முடிவுக்கு எப்போது வந்தோம் என்பதைப் பொறுத்தது. முதல் பக்கத்திலேயே ‘இது மர்மம்’ என்று கையை விரித்துவிட்டால் நாம் படிக்கவில்லை என்றே பொருள். கதை என்ன தருகிறது, எதைத் தர மறுக்கிறது என்ற எல்லைக்கோடு வரை நடந்துபோய் அங்கே நிற்பது வேறு விஷயம். கதைப்பணியைப் பார்க்கும் வழியில் போகிறவர் இயல்பாகவே அந்தக் கோட்டில் வந்து நிற்பார். அதனால் இவ்விரண்டையும் எதிரெதிராக நான் வைப்பதில்லை. ஒன்றின் முடிவில் மற்றது காத்திருக்கிறது.

யார் எதை எடுக்கலாம்

முதன்முறை வாசிப்பவர் எந்த வழியையும் எடுக்க வேண்டாம். பாட்டுகள் நீளமாகத் தோன்றினால்கூடத் தாவாமல் படியுங்கள். அவர் சாதாரணமாகப் பேசுவதும் பாட்டின் தாளத்திலேயே இருப்பதை வாய்விட்டுப் படித்தால் உணர்வீர்கள். விளக்கங்களை இரண்டாம் வாசிப்புக்கு ஒதுக்கி வையுங்கள்.

கட்டுரை எழுதுகிறவருக்குப் பிறந்த கதையும் கடிதங்களும் கட்டாயம் வேண்டும். தேதியைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். 1937இல் சொன்னது நாவல் எழுதும் முன் சொன்னது. 1954இல் சொன்னவை எழுதி முடித்து, கேள்விகளுக்கு விடையாகச் சொன்னவை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

திரைக்கோ மேடைக்கோ எழுதுபவருக்குச் சிக்கல் அதிகம். திரையில் ஒருவர் வந்தால், எதற்காக வந்தார் என்று பார்வையாளர் கேட்பார். 2024இல் ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடரின் இரண்டாம் பருவம் பாம்படிலைக் கிழக்கே ரூன் பாலையில் கொண்டுவந்து, ஒருவருக்கு வழிகாட்டும் ஆசானாக்கியது. நடிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கையில் ஒரு கடமையைக் கொடுத்தவுடன் அவருடைய அளவுகோல் தன்மை கரைந்துவிடுகிறது. உலகப் போரில் அக்கறை கொண்ட பாம்படில் வேறு ஒருவர்.

மொழிபெயர்ப்பாளரின் நிலை இன்னும் நெருக்கடியானது. அவர் ‘எனக்குத் தெரியாது’ என்று தப்பிக்கவே முடியாது. டாம் பாம்படில் யார் என்று ஃப்ரோடோ கேட்கும்போது கோல்ட்பெரி சொல்லும் முதல் பதில் ஆங்கிலத்தில் இரண்டே சொல்: ‘ஹி இஸ்’. இதை ‘அவர் இருக்கிறார்’ என்று தமிழாக்கினால், ‘இருக்கிறவராக இருக்கிறேன்’ என்ற தமிழ் விவிலிய வாக்கியம் காதில் ஒலித்து, பாம்படில் கடவுளாகிவிடுவார். டோல்கீன் மறுத்த பொருளை நாமே கொண்டுவந்து வைத்தது போலாகும். ‘அவர் ஒருவர் இருக்கிறார்’ என்றால் அலட்சியமாக இருக்கிறது. ஃப்ரோடோவின் முகத்தைப் பார்த்துவிட்டு, நீ கண்டபடியே அவர் என்று அவளே தொடர்கிறாள். அந்தத் தொடர்ச்சியைக் கணக்கில் எடுத்தால் ‘அவர்தான் அவர்’ என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. விடை மாதிரியே ஒலிக்கும், எதையும் சொல்லிவிடாது. இனம் காணும் வழியில் போகும் மொழிபெயர்ப்பாளர் முதல் வாக்கியத்தை எடுப்பார், கதைப்பணியைப் பார்ப்பவர் மூன்றாவதை எடுப்பார். வாசிப்பு முறை ஒரு வினைச்சொல்லில் வந்து நிற்கிறது.

வாசகர் வட்டம் நடத்துபவருக்கு: ‘யார்’ என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். ஒரு காட்சியை எடுத்து வாய்விட்டு வாசியுங்கள். மறுமுறை எனக்கு வாய்ப்புக் கிடைத்தபோது நான் மோதிரக் காட்சியைக்கூட எடுக்கவில்லை. புதைமேட்டுக் காட்சியின் கடைசிப் பகுதியை வாசித்தேன். வெயிலில் புல்மேட்டின் மேல் பொன்னும் மணியும் குவிந்து கிடக்கின்றன. வருகிறவர் எவரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பாம்படில் அவற்றை விட்டுவிடுகிறார். தனக்காக ஒன்றே ஒன்றை எடுக்கிறார்: வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோலப் பல நீலங்கள் மின்னும் கற்கள் பதித்த ஓர் அணியூசி. அதை வெகுநேரம் பார்க்கிறார். ஏதோ நினைவு வந்தவர்போலத் தலையை அசைக்கிறார். முன்னொரு காலத்தில் இதைத் தோளில் அணிந்தவள் அழகி, இனி கோல்ட்பெரி அணிவாள், அவளையும் நாம் மறக்க மாட்டோம் என்கிறார்.

வாசித்து முடித்ததும் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஓர் இளைஞர் கேட்டார்: “அந்தப் பெண் யார்?”

பாம்படில் யார் என்று கேட்கவில்லை அவர். நூலின் பிற்சேர்க்கையைப் புரட்டினோம். அந்தப் புதைமேடு, மூன்றாம் யுகம் 1409ஆம் ஆண்டுப் போரில் மடிந்த கார்டோலான் நாட்டுக் கடைசி இளவரசனின் கல்லறை என்று சிலர் சொல்வதாக ஒரு வரி இருக்கிறது. இளவரசனுக்கே ‘சிலர் சொல்கிறார்கள்’ என்ற அளவில்தான் இடம். அவளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவள் முகம் ஒரே ஒருவருடைய நினைவில் இருக்கிறது. அன்று எல்லோர் மடியிலும் புத்தகம் திறந்திருந்தது.